காலில் கட்டோடு கிடந்த மூன்று மாதமும் நான் வாங்கிய புத்தகங்களும்

போன வருஷம் ஆனி மாசக் கடைசியில் நான் கணக்கு எழுதும் பால் சொசைட்டி வாசல்படியில் வழுக்கி விழுந்து வலது கணுக்கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். ஆறு வாரம் கால் தரையில் படக்கூடாது, அதற்குப் பிறகும் ஒன்றரை மாசம் அதிகம் நடக்கக்கூடாது என்றார் டாக்டர். எங்கள் வீடு கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. ஆடி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ராவும் பகலும் ஓலையைப் போட்டு உலுக்கும். வீட்டுக்காரர் காலையில் தோப்புக்குப் போய்விடுவார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விடும், அம்மா மாட்டுச்சாளையில் இருப்பார். நான் மட்டும் கட்டிலில் கிடப்பேன். ரெண்டு நாள் விடாமல் போன் பார்த்ததில் தலைவலி வந்துவிட்டது. சரி, புத்தகம் படிப்போம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பில்லை. அடுத்து செய்ததெல்லாம் தப்பு. யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் 5,599 ரூபாயில் பாதியாவது மிஞ்சியிருக்கும், அதைவிட முக்கியமாக, எனக்குப் படிக்கும் தகுதியே இல்லை என்று நினைத்து அழுத அந்த மூன்று வாரம் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நான் மலையாள மீடியத்தில் படித்தவள். சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியம் பள்ளிகள் உண்டு. ஆனாலும் நாளைக்கு ஒரு வேலை என்று போனால் மலையாளம் வேண்டும் என்று அப்பா அதில் சேர்த்துவிட்டார். தமிழ் எழுத்து என் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கற்றுக்கொடுத்தது. தினசரி காலண்டர்த் தாளைக் கிழித்துக் கையில் கொடுத்து, "படி சாமி" என்பார். பிறகு வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள். அதோடு சரி. இருபது வருஷம் கழித்து ஒரு தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு பக்கம்தான் ஓடியது. எல்லைப்பக்கம் வளர்ந்த பலருக்கும் இந்த நிலைதான் என்று நினைக்கிறேன். பேச்சு முழுக்கத் தமிழாக இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தமிழ் எழுத்து பழகியிருக்காது. வேகமாகப் படிக்கிறவர்கள் சொல்லும் யோசனை நமக்கு அப்படியே பொருந்தாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

போனில் புத்தகம் பற்றிப் பேசும் வீடியோக்கள் பத்துப் பதினைந்து பார்த்து, எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லும் பெயர்களை எழுதிக்கொண்டேன். விருது வாங்கியதா என்றும் பார்த்துக்கொண்டேன். அண்ணன் மகன் கோயம்புத்தூரில் வேலை செய்கிறான். அங்கே கொடிசியா வளாகத்தில் புத்தகத் திருவிழா நடந்துகொண்டிருந்தது. அவனிடம் பட்டியலை அனுப்பினேன். பத்து சதவீதத் தள்ளுபடி போக ஒன்பது புத்தகம், 4,380 ரூபாய். என் மாசச் சம்பளத்தில் கிட்டத்தட்டப் பாதி. பையைக் கட்டிலில் வைத்துவிட்டு அவன் கேட்டான்: "ஏனுங்கத்தை, இத்தன கனத்த நீங்க படுத்துட்டு எப்படிங்க புடிப்பீங்க?" அவன் கேட்டது நூற்றுக்கு நூறு சரி என்று மறுநாளே தெரிந்துவிட்டது.

முதலில் எடுத்தது சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்'. 2011இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல், ஆயிரம் பக்கத்துக்கு மேல். மதுரையின் அறுநூறு வருஷக் கதை, கெட்டி அட்டை. மல்லாந்து படுத்துக்கொண்டு அதைத் தூக்கிப் பிடித்தால் கால் மணி நேரத்தில் மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும். வயிற்றின்மேல் தலையணை வைத்து அதன்மேல் சாய்த்தால் எழுத்து எட்டாது. கனத்தைக்கூடச் சமாளித்துவிடலாம், உள்ளே வருகிற ஆட்களின் பெயர்களைத்தான் என்னால் பிடித்துவைக்க முடியவில்லை. ஒருவரைப் பழகி முடிப்பதற்குள் அடுத்த தலைமுறை வந்துவிடுகிறது. நூற்று நாற்பதாம் பக்கத்தில் நிறுத்தினேன். மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மறுபடி அதே இடத்தில் நின்றேன். பதினொரு நாள் போயிற்று. தாதனூர் என்ற ஊர்க்காரர்களின் களவும் காவலும் வரும் இடங்களைப் புரட்டிப் பார்த்தபோது அங்கே எழுத்து உயிரோடு இருப்பது எனக்கே தெரிந்தது. ஆனால் அங்கு போய்ச் சேரும்வரை தாக்குப்பிடிக்கும் தெம்பு எனக்கு அப்போது இல்லை. அதைப் புத்தகத்தின் குறையாக நான் சொல்லமாட்டேன். இருபது வருஷ இடைவெளிக்குப் பிறகு முதல் புத்தகமாக அதை எடுத்தது என் தவறு. நீங்கள் எடுத்தால் ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயர், யாருக்கு யார், எந்த ஊர் என்று எழுதிக்கொண்டே போங்கள். இதைப் பிற்பாடு இன்னொரு புத்தகத்துக்குச் செய்து பார்த்தேன், பாதி பாரம் இறங்கிவிட்டது.

அடுத்து எடுத்த ரெண்டு புத்தகமும் பாதியில் நின்றன. அவற்றின் பெயரைச் சொல்லவில்லை, நாற்பது பக்கம் படித்துவிட்டு ஒரு புத்தகத்தைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்தச் சமயத்தில்தான் மனசு விட்டுப்போனது. ஒரு ராத்திரி வீட்டுக்காரர் தூங்கிய பிறகு, சுவரோரம் அடுக்கியிருந்த புத்தகங்களைப் பார்த்துக்கொண்டே அழுதேன். காசு போனது ஒருபக்கம். எல்லோரும் உருகி உருகிப் பேசும் புத்தகம் எனக்கு மட்டும் ஓடவில்லை என்றால் என் புத்திதான் மழுங்கிவிட்டது என்று தோன்றியது. பால் அளக்கிற கணக்குக்கு மேல் எனக்கு எதுவும் ஏறாது என்று நினைத்தேன். இதை யாரிடம் சொல்வது? சொசைட்டியில் புத்தகம் படிக்கிறவர் யாரும் இல்லை.

அந்த வாரம் ஆன்லைனில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் சேர்த்து 699 ரூபாய் என்று பார்த்து வாங்கினேன். கூடவே வாழ்க்கையில் முன்னேறுவது எப்படி என்று சொல்லும் மொழிபெயர்ப்புப் புத்தகங்கள் ரெண்டு, 520 ரூபாய். அந்த ரெண்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தமிழ் எழுத்தில் இருந்ததே தவிர தமிழ் வாக்கியம் இல்லை. ஒரு பத்தியை மூன்று தரம் படித்தும் யார் யாருக்கு என்ன செய்யச் சொல்கிறார் என்று புரியவில்லை. மொழிபெயர்ப்பு வாங்கும்போது முதல் பக்கத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் வைத்துவிடுங்கள்.

'பொன்னியின் செல்வன்' என்னை மீட்டது, அதே சமயம் ஏமாந்ததும் அதில்தான். ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். நான் படித்துக்கொண்டிருந்ததும் ஆடி மாசம், வெளியே அதே காற்று. முதல் பாகத்தை நாலு நாளில் முடித்தேன். என் வேகம் மணிக்கு இருபது பக்கத்துக்கு ஏறியிருந்தது. கல்கி இதை 1950லிருந்து 1954 வரை வாரத் தொடராக எழுதினார். ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைத் தேடும்படி முடிவதற்கு அதுதான் காரணம். என்னைப்போல் மெதுவாகப் படிக்கிறவர்களுக்கு அது பெரிய கைத்தாங்கல். ஒரு நாளைக்கு ரெண்டு அத்தியாயம் என்று வைத்தாலும் கதை கையைவிட்டுப் போகாது. குறை என்று கேட்டால், நான்காம் பாகத்தில் சதியாலோசனை நீண்டுகொண்டே போகிறது, ஒரே செய்தியை மூன்று பேர் மூன்று முறை பேசிக்கொள்கிறார்கள். ஆதித்த கரிகாலன் சாவைப் பற்றி இவ்வளவு தூரம் இழுத்துவந்துவிட்டு கொன்றது இன்னார்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் விட்டது எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நந்தினியை மறக்க முடியவில்லை. மற்ற எல்லோரையும்விட அவளுடைய கோபம்தான் எனக்கு உண்மையாகப் பட்டது.

ஏமாந்தது எப்படி என்றால், மூன்றாம் பாகத்தில் பதினாறு பக்கம் இல்லை. அதற்கு முந்தின பதினாறு பக்கம் ரெண்டு தடவை இருந்தது. அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு பாரமாக அடித்து மடித்துத் தைப்பார்கள், ஒரு பாரம் மாறிப்போனால் இப்படி ஆகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எழுத்தும் சில பக்கங்களில் மங்கல், சில பக்கங்களில் மை ஈஷியிருந்தது. விற்றவருக்கு எழுதினால், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. பார்சல் வந்து ஒரு மாசம் கழித்துத்தான் மூன்றாம் பாகத்தைப் பிரித்திருந்தேன். ஆகவே பார்சல் வந்த அன்றைக்கே, பிரிப்பதைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு, எல்லாப் பாகத்தையும் பக்க எண் பார்த்துக்கொண்டே ஒருமுறை புரட்டிவிடுங்கள். ஐந்து பாகத்துக்கும் அரை மணி நேரம் போதும். இன்னொன்று எனக்கு யாரும் சொல்லவில்லை: கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆக்கப்பட்டது, அதை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதனால்தான் இத்தனை பதிப்பகங்கள் அதைப் போடுகின்றன, ஒவ்வொன்றின் தரமும் ஒவ்வொரு விதம். பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) தளத்தில் முழு நாவலும் காசில்லாமல் படிக்கக் கிடைக்கிறது. காணாமல் போன பதினாறு பக்கத்தை அங்கேதான் படித்தேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நாட்டுடைமையான பல எழுத்தாளர்களின் நூல்கள் இருக்கின்றன. வாங்குவதற்கு முன்னால் இந்த ரெண்டு இடத்திலும் தேடிப் பார்த்திருந்தால், 699 ரூபாயை நல்ல தாளில் வந்த ஒரு பதிப்புக்குக் கொடுத்திருப்பேன்.

கட்டு பிரித்த பிறகு, புரட்டாசியில், கைத்தடியோடு முதலில் போன இடம் எங்கள் ஊர் வாயனசாலை, அதாவது நூலகம். இத்தனை வருஷம் அதன் முன்னால் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன், உள்ளே போனதில்லை. கேரளாவில் வளர்ந்தும் இதைச் செய்யவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. பள்ளிக்கூடத்தில் ஜூன் 19 வாசிப்பு நாள் கொண்டாடுவார்கள், பி.என். பணிக்கர் மறைந்த நாள். 1945இல் நாற்பத்தேழு கிராம நூலகங்களைச் சேர்த்துத் திருவிதாங்கூரில் கிரந்தசாலை சங்கம் என்ற நூலகச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். அசெம்பிளியில் நின்று உறுதிமொழி சொன்னோம், அதோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். வாயனசாலையில் இருந்த சேச்சி என் கதை முழுவதையும் கேட்டார். ஒரு வருஷச் சந்தா நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பின்பக்கம் ஒரு பீரோ நிறையத் தமிழ்ப் புத்தகம். அவருக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆனால் எந்தப் புத்தகத்தை யார் சீக்கிரம் திருப்பிக் கொண்டுவந்தார்கள் என்று ரெஜிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறார். சீக்கிரம் திரும்பி வந்தது என்றால் விடாமல் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அந்தக் கணக்கு எனக்கு எந்த வீடியோவையும்விடப் பயன்பட்டது. அவர் எடுத்துக் கொடுத்த ஒல்லியான புத்தகத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தத் தைரியத்தில் வீட்டுக்கு வந்து ஒன்பது புத்தகத்தில் மிச்சம் இருந்ததை மறுபடி எடுத்தேன். 'எரியும் பனிக்காடு'. பி.எச். டேனியல் என்ற டாக்டர் வால்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் வேலை பார்த்தவர். அங்கே கேட்டதை வைத்து ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளியிட்டார், தமிழில் கொண்டுவந்தவர் இரா. முருகவேள். எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெற்கே ஆனைமலை தெரியும். எங்கள் அமுச்சிக்கு, அம்மாவின் அம்மாவுக்கு, ஒரு தங்கை; அவர் எஸ்டேட்டுக்குப் போனார், திரும்பவில்லை என்று மட்டும் வீட்டில் சொல்வார்கள். அதற்குமேல் யாரும் பேசியதில்லை. இந்தப் புத்தகத்தில் கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மேஸ்திரி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால் கூலியைவிட கடன் அதிகமாக நிற்கிறது. அடுத்த வருஷமும் அதே. காய்ச்சலில் ஜனங்கள் சாகிறார்கள். நாவல் என்று மட்டும் பார்த்தால் குறை உண்டு: கொடுமைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன, அந்த ரெண்டு பேரும் மனசுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் கணக்குப் புத்தகம் எழுதுகிற எனக்கு அந்தக் கடன் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்பது புரியப் புரிய வயிறு எரிந்தது. ராத்திரியில் படிக்கவேண்டாம், பகலில் யாராவது பக்கத்தில் இருக்கும்போது படியுங்கள். முடித்த அன்று அமுச்சியின் தங்கை பெயர் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கும் தெரியவில்லை.

தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' எனக்குத் தனிப்பட்ட முறையில் ஆறுதல். அவரும் மலையாளத்தில் படித்தவர். தமிழ் எழுத்துப் பழக்கம் இல்லாததால் தமிழ்க் கதையை மலையாள எழுத்தில் எழுதி, பிறகு தமிழுக்கு மாற்றினார்கள் என்று படித்தபோது கண் கலங்கிவிட்டது. அதே மனிதர் 1997இல் 'சாய்வு நாற்காலி'க்கு சாகித்திய அகாதெமி விருது வாங்கினார். கடலோர கிராமத்தின் பேச்சில் அரபியும் மலையாளமும் கலந்து வரும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கடினம் என்கிறார்கள், எனக்கோ மலையாளச் சொற்கள் வந்த இடமெல்லாம் வழுவழுவென்று ஓடியது. எங்களைப்போல் எல்லையில் இருப்பவர்கள் இந்த மாதிரிப் புத்தகத்தில் ஆரம்பிக்கவேண்டும். நம்மிடம் இருக்கிற ரெண்டு பாஷையும் அங்கே வேலைக்கு வரும்.

ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' வேறு மாதிரி. மலையாளத்தில் 1969இல் வந்தது. காலேஜில் படிக்கும்போது மலையாளத்தில் எடுத்து இருபது பக்கத்தில் வைத்துவிட்டேன். இப்போது யூமா வாசுகியின் தமிழில் முடித்தேன், இருபத்து மூன்று நாள் ஆயிற்று. உண்மையைச் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு எனக்குப் புரியவில்லை. கதாநாயகன் ரவி எதை நினைத்து இவ்வளவு வேதனைப்படுகிறான் என்பது கடைசிவரை எனக்கு எட்டவில்லை, அவனைச் சுற்றியிருக்கும் பெண்களை அவன் நடத்துகிற விதமும் பிடிக்கவில்லை. ஆனால் பனங்காட்டில் அடிக்கும் காற்றும், ஓராசிரியர் பள்ளிக்கூடமும், அப்புக்கிளி என்கிற ஆளும் மனசில் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டுக்குப் போன வழியில் தஸ்ராக்குக்குப் போனோம். 1956இல் விஜயனின் தங்கை அங்கே ஆசிரியையாக இருந்தபோது அவர் வந்து தங்கிய ஊர் அது. நாவலில் பள்ளிக்கூடம் நடக்கும் ஞாற்றுப்புரை என்ற வயல்வீடு இன்னும் நிற்கிறது. ஓட்டுக் கூரை, திண்ணை, சுற்றிலும் வயல். படித்தபோது புரியாத பல பக்கங்கள் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தபோது லேசாகத் திறந்தன. புத்தகத்தில் வரும் இடம் பக்கத்தில் இருந்தால் போய் வாருங்கள், பஸ் காசுதான்.

முன்னுரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பழைய நாவல்களின் மறுபதிப்புகளில் முன்னால் யாராவது நீளமாக எழுதியிருப்பார்கள். அதில் யார் சாகிறார், கதை எப்படி முடிகிறது என்பதெல்லாம் வந்துவிடும். ரெண்டு புத்தகம் எனக்கு இப்படிக் கெட்டுப்போனது. இப்போது நேராக முதல் அத்தியாயத்துக்குப் போய்விட்டு, முடித்த பிறகுதான் முன்னுரைக்கு வருகிறேன். அப்போது அது நல்ல துணையாகவும் இருக்கிறது. கடையில் வாங்குவதானால் ரெண்டுக்கு மேல் வாங்குவதில்லை. அந்த ரெண்டையும் நடுவில் எங்காவது பிரித்து ஒரு பக்கம் உதட்டசைத்துப் படித்துப் பார்ப்பேன், எழுத்து பொடியாக இருந்தால் வேறு பதிப்பு கேட்பேன்.

சேச்சி கொடுத்த அந்த ஒல்லிப் புத்தகம் ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942இல் வந்தது. கொங்குநாட்டுப் பேச்சு, எங்கள் வீட்டுப் பேச்சு. புருஷனை இழந்தவள் கொழுந்தனிடம் தனக்குச் சேரவேண்டிய நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. ஒரே நாளில் முடித்தேன். கட்டிலில் கிடந்த மூன்று மாசத்தில் முதலில் இதைக் கையில் கொடுத்திருந்தால் நான் அழுதிருக்கவே மாட்டேன். எழுத்து கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் கேட்கிறது. ஒரு சொல்லைக்கூட எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. குறை சொல்வதென்றால் முடிவு சட்டென்று வந்துவிடுகிறது, இன்னும் நாலு பக்கம் எழுதியிருக்கலாம்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. திருப்பிக் கொடுப்பதற்கு முந்தின ராத்திரி, மாட்டுக்குத் தீனி போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம் முதல் ரெண்டு அத்தியாயத்தைப் படித்துக் காட்டினேன். ரெண்டு அத்தியாயம் பத்து ஆனது. பத்து அத்தியாயம் பன்னிரண்டானது. மணி பத்தைத் தாண்டியும் அம்மா எழுந்திருக்கவில்லை. அப்பா போன பிறகு பெரியப்பா வீட்டில் நிலம் கேட்டு, நாலு பேர் நாலு விதமாகப் பேசியதில் வாயை மூடிக்கொண்டு வந்தவர் அவர். நாகம்மாள் பங்கு கேட்கும் இடம் வந்தது. "நில்லு கண்ணு," என்றார். கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ கேட்டதுல என்ன தப்பு?" என்றார். பிறகு, "அந்தப் பக்கத்த இன்னொருக்கா படி" என்றார். மறுநாள் போய்ச் சேச்சியிடம் இன்னும் ரெண்டு வாரத்துக்குப் பதிந்துகொண்டு வந்தேன்.